டயோடு போடுங்க, ஆனா வோல்டேஜ பாத்துட்டுப் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை உங்க இணைப்புல செட்டிநாட்டு வீடுகள்ல கெடக்குற பழைய வால்வு (உள்ள சூடாகி எரியுற கண்ணாடிக் குழாய்) வச்ச ரேடியோகிராம், அதாவது ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒண்ணா இருக்க பெட்டி, ஆம்ப்ளிஃபையர் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படமெல்லாம் அருமையா இருந்துச்சு, முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில அடுக்கி வச்சிருக்க செட்டுகளப் பாத்ததும் எனக்கே எந்திரிச்சுப் போயி ஒருவாட்டி பாத்துட்டு வரலாமான்னு இருந்துச்சு. ஆனா கட்டுரையோட கடைசிப் பத்தியப் படிச்சதும்தான் இந்த லெட்டர் எழுதணும்னு தோணுச்சு. ரெக்டிஃபையர் வால்வு, அதாவது ஏசி கரண்ட டிசியா மாத்துற வால்வு, போயிருந்தா கவலையே வேணாம், அதப் புடுங்கிப் போட்டுட்டு அதே வேலையச் செய்யுற சின்ன சிலிக்கான் டயோடு ரெண்டு வச்சு சோல்டர் பண்ணுனா முடிஞ்சுச்சு, முன்ன விட சத்தமும் கும்முனு வரும்னு எழுதியிருந்தாக. இதப் படிச்சுட்டு எத்தன பேரு லீவுல ஊருக்கு வந்து சோல்டரிங் அயர்னோட உக்காரப் போறாகளோ தெரியல. நான் காரைக்குடியில ரொம்ப வருசமா ரேடியோ வேலை, மைக் செட்டு வேலை பாத்தவன், இப்பயும் யாராவது கூப்பிட்டா போயி பாக்குறவன். அந்தக் கட்டுரையில சொன்னது பொய்யில்ல, ஆனா பாதிதான் சொல்லியிருக்காக, விட்ட பாதியிலதான் டிரான்ஸ்ஃபார்மர் எரியுறதும், கரண்ட சேத்து வைக்கிற கண்டன்சர் வெடிக்கிறதும் இருக்கு.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், நான் டயோடுக்கு எதிரி இல்ல. வால்வு ஆம்ப்ளிஃபையர்ல டயோடு போட்டா தீட்டுப்பட்ட கணக்கா பேசுறவுக கொஞ்சப் பேரு இருக்காக, அவுக கட்சியும் நான் இல்ல. வால்வுங்குற சாமானே 1904ல ஃபிளெமிங் கண்டுபுடிச்சப்ப ஏசிய ஒருபக்கமா மட்டும் விடுற டயோடாத்தான் பொறந்துச்சு, அப்பறந்தான் அதுக்குள்ள கிரிட்டுன்னு ஒரு கம்பி வலை வந்து ஆம்ப்ளிஃபை பண்ண ஆரம்பிச்சுச்சு. சிலிக்கான் டயோடு மார்க்கெட்டுக்கு வந்ததும் பெரிய கம்பெனிக்காரவுகளே அதுக்குப் போயிட்டாக. மெக்கின்டாஷ் எம்.சி.275ன்னு 1961ல வந்த ஆம்ப்ளிஃபையர் இன்னைக்கும் உலகம் பூரா தலையில தூக்கி வச்சு ஆடுறாக, அதுல ரெக்டிஃபையர் வால்வே கெடையாது, சிலிக்கான் டயோடுதான். 1953ல வந்த குவாட் 2 ஆம்ப்ளிஃபையர்ல ஜி.இசட்.32ங்குற ரெக்டிஃபையர் வால்வு. ரெண்டுமே நல்ல சாமான்தான். ஆனா மெக்கின்டாஷ்காரன் டயோடுன்னு முடிவு பண்ணிட்டு அதுக்குத் தக்க டிரான்ஸ்ஃபார்மரும் கண்டன்சரும் போட்டு செஞ்சான், நம்ம வீட்டு முகப்புல நிக்கிற செட்டு வால்வுக்குன்னு கணக்குப் போட்டு செஞ்சது. அந்தக் கணக்க மாத்தாம வால்வ மட்டும் மாத்துனா என்ன ஆகும்னுதான் பாக்கணும்.

வால்வு ரெக்டிஃபையர் தனக்குள்ளயே கொஞ்சம் வோல்டேஜ முழுங்கும். 5ஒய்3 வால்வு 125 மில்லி ஆம்பியர் இழுக்குறப்ப 50, 60 வோல்ட்ட அதுவே தின்னுரும். 5யூ4 ஃபுல் லோடுல 40, 50 வோல்ட். ஜி.இசட்.34 கொஞ்சம் நல்ல புள்ள, 17 வோல்ட் பக்கத்துல. சிலிக்கான் டயோடு முழுங்குறது ஒரு வோல்ட்டு கூட கெடையாது. அப்ப இந்த 50 வோல்ட் எங்க போகும், எங்கயும் போகாது, அப்படியே ஹெச்.டி. லைன்ல, அதாவது வால்வுகளுக்குப் போற உயர் வோல்டேஜ் டிசி லைன்ல, ஏறி உக்காந்துக்கும். 300-0-300 டிரான்ஸ்ஃபார்மர்ல (நடுவுல ஒரு முனை, ரெண்டு பக்கமும் 300 வோல்ட் ஏசி) 5ஒய்3 போட்டு 320 வோல்ட் வந்துக்கிட்டு இருந்த எடத்துல டயோடு போட்டா 380 தாண்டும். கும்முனு சத்தம் வருதுன்னு சொல்றாகளே, அந்தக் கும்மு இந்த 60 வோல்ட்தான், வேற ஒண்ணும் இல்ல. அது யாரு முதுகுல ஏறுதுன்னு பாருங்க.

ரேடியோகிராம்ல பெரும்பாலும் அவுட்புட்டுக்கு, அதாவது ஸ்பீக்கர ஓட்டுற கடைசி வால்வா, இ.எல்.84 இருக்கும். அதுக்கு பிளேட்டுல (எலக்ட்ரான் வந்து சேர்ற தகடு) 300 வோல்ட், 12 வாட் வரைக்குந்தான் தாங்கும்னு கம்பெனி போட்ட எல்லை. இப்ப ஒரு உதாரணம், கேதோடுல, அதாவது சூடாகி எலக்ட்ரான விடுற முனையில, 270 ஓம் ரெசிஸ்டர் இருக்கு, மீட்டர வச்சா 10.8 வோல்ட் காட்டுதுன்னு வைங்க. 10.8ஐ 270ஆல வகுத்தா 40 மில்லி ஆம்பியர், அதுல ஸ்கிரீன்ங்குற இன்னொரு கிரிட்டுக்கு ஒரு 4 போக பிளேட்டுக்கு 36. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் நடுவுல 300 வோல்ட் இருந்தா 10.8 வாட், ராசாவாட்டம் ஓடும். டயோடு போட்டதும் அந்த 300, 350 ஆயிருச்சு, வோல்டேஜ் கூடுனா கரண்டும் சேந்து கூடும், 36 இருந்தது 42 ஆகும். 350ஐயும் 42ஐயும் பெருக்கிப் பாருங்க, 14.7 வாட். வால்வு உள்ள பிளேட்டு செவக்க ஆரம்பிக்கும், ராத்திரி லைட்ட அணைச்சுட்டுப் பாத்தா நல்லாத் தெரியும். சத்தம் நல்லா வருதுன்னு ரெண்டு மாசம் கேப்பாக, அப்பறம் இ.எல்.84 போச்சுன்னு வருவாக. ரெக்டிஃபையர் வால்வுக்கு ஆயிரக்கணக்குல செலவாகுதுன்னு மிச்சம் புடிச்ச காசு அவுட்புட் வால்வு ஜோடி வாங்கவே பத்தாது.

இது செட்டு ஓடிக்கிட்டு இருக்கப்ப. சுவிட்சப் போட்ட அந்த மொத அரை நிமிசம் இன்னும் மோசம். டயோடுக்கு சூடாக வேண்டிய வேலையே இல்ல, சுவிட்சு போட்ட உடனே முழு வோல்டேஜும் வந்துரும், ஆனா மத்த வால்வெல்லாம் சூடாகி கரண்ட் இழுக்க 15, 20 செகண்டு ஆகும். இழுக்க ஆளே இல்லாத அந்த நேரத்துல கண்டன்சர் மேல நிக்கிறது 300 இல்ல, 300ஐ 1.414ஆல பெருக்குனது, அதாவது 424 வோல்ட். அதுவும் லைன்ல கரெக்டா 230 இருந்தா. நம்ம பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல சில தெருவுல 250 நிக்கும், நீங்களே மீட்டர் வச்சுப் பாருங்க. அப்ப 460. கண்டன்சர் மேல என்ன எழுதியிருக்கும், 450 வோல்ட். அதுவும் அது புதுசா இருந்தப்ப எழுதுனது.

இங்க ஒரு விசயம், நெறைய பேரு தப்பாச் சொல்றது. வால்வு ரெக்டிஃபையர்னாலே மெதுவாத்தான் வோல்டேஜ் ஏறும், அதனால கண்டன்சருக்குப் பாதுகாப்புன்னு பொதுவாச் சொல்லுவாக. எல்லா வால்வும் அப்படி இல்ல. ஜி.இசட்.34, ஈ.இசட்.81 இதுகளுக்கெல்லாம் ஹீட்டர் தனி, கேதோடு தனி, அதுனால மத்த வால்வுகளோட சேந்து நிதானமா சூடாகி கம்மாய் மடையத் திருகித் திருகித் தொறக்குற மாதிரி வோல்டேஜ விடும். 5யூ4, 5ஒய்3ல ஃபிலமெண்டே கேதோடு, ரெண்டு மூணு செகண்டுல சூடாயிரும், அவுட்புட் வால்வு முழிக்கிறதுக்கு முன்னாடியே வோல்டேஜ் மேல போயிரும். அப்ப உங்க செட்டுல இருந்தது 5யூ4ஆ ஜி.இசட்.34ஆன்னு பாக்காம பேசக்கூடாது. இருந்தது ஜி.இசட்.34ன்னா டயோடு போடுறப்ப அந்த நிதானம் போயிருது, ஆனா முழுங்குன வோல்டேஜ் கம்மிங்குறதுனால ஓடுறப்ப பெருசா ஏறாது. இருந்தது 5யூ4ன்னா நிதானம் முன்னயும் இல்ல இப்பயும் இல்ல, ஆனா ஓடுறப்ப வோல்டேஜ் எகிறிரும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

கட்டுரை எழுதுனவுக வெளியூர்க்காரவுகளா இருக்கும்னு நெனைக்கிறேன், ஏன்னா நம்ம ஊரு வீட்டப் பத்தி ஒரு விசயம் அவுகளுக்குத் தோணல. இங்க வீடெல்லாம் வருசக்கணக்கா பூட்டிக் கெடக்கும். கல்யாணம், மணிவிழா, படைப்புன்னு ஏதாச்சும் வந்தாத்தான் தொறந்து வளவு கழுவி விடுவாக. ரங்கூன்லேர்ந்தும் பினாங்குலேர்ந்தும் அப்பச்சி காலத்துல கப்பல்ல வந்த செட்டு ரெண்டாங்கட்டுல துணியப் போத்தி நிக்கும். விசேசத்துக்கு வந்த பேரப்புள்ளைக துணிய எடுத்துப் பாத்துட்டு உடனே பிளக்க சொருகிப் பாக்கணும்னு நிப்பாக. ஒரு ஆச்சி வீட்டுல இப்படித்தான், மறுநா மணிவிழா, என்னையக் கூப்பிட்டு விட்டாக.

"தம்பி, இது பாடுமா?"

"பாடும் ஆச்சி, ஆனா இன்னைக்குப் பாடாது."

"நாளைக்குல்ல விசேசம், நீ என்ன இப்படிச் சொல்லுற. ஒங்க அண்ணே ஒருத்தரு வந்து ஏதோ டயோடு போட்டா ஒடனே பாடும்னு சொல்லிட்டுப் போனாரே."

"ஒடனே பாடும் ஆச்சி, ஒடனே வெடிக்கவும் செய்யும். விசேச வீட்டுல அது வேணாம்."

ஆச்சி சிரிச்சுட்டு காப்பி கொண்டாரச் சொன்னாக, விசேசத்துக்கு புளூடூத் பெட்டியே பாடிக்கிட்டுப் போச்சு, செட்ட நான் பொறுமையா அப்பறமா வந்து பாத்தேன்.

காரணம் என்னன்னா, எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள்ள அலுமினியத் தகடு மேல ஒரு மெல்லிசான ஆக்சைடு படலம் இருக்கும், வோல்டேஜத் தாங்குறது அதுதான். வருசக்கணக்கா கரண்ட் இல்லாம கெடந்தா அந்தப் படலம் பழுதாயிரும், திடீர்னு 460 வோல்ட்டக் குடுத்தா உள்ள லீக்காகி, சூடாகி, ஆவி அடைச்சு டப்புனு போகும். வீடு பூரா துர்நாத்தம், ஆத்தங்குடி கல்லு மேல வெள்ளப் பஞ்சா செதறிக் கெடக்கும். அதுனால பூட்டிக் கெடந்த செட்டுக்கு மொதல்ல வேரியாக் (லைன் வோல்டேஜ ஏத்தி எறக்குற டிரான்ஸ்ஃபார்மர்) வச்சு 50, 60 வோல்ட்லேர்ந்து மணிக்கணக்குல கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும், அப்பத்தான் அந்தப் படலம் திரும்ப ஒழுங்காகும். வேடிக்கை என்னன்னா இந்த வேலைக்கு டயோடுதான் தோது. வேரியாக்க கம்மியா வச்சா ஹீட்டருக்கும் கம்மியாத்தான் போகும், வால்வு ரெக்டிஃபையர் முழிக்கவே முழிக்காது, கண்டன்சருக்கு ஒண்ணுமே போய்ச் சேராது, அப்பறம் பாதிக்கு மேல தாண்டுனதும் மொத்தமா போயி விழும். அதுனால அவுட்புட் வால்வையெல்லாம் கழட்டி வச்சுட்டு, ரெக்டிஃபையர் சாக்கெட்டுல தற்காலிகமா டயோடு சொருகித்தான் ஏத்துவோம். கண்டன்சரத் தொட்டுப் பாத்து, அதுவும் கரண்ட அணைச்சு டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத்தான் தொடணும், சுட்டுச்சுன்னா அது தேறாது. என்னையக் கேட்டா அம்பது வருசம் ஆன கண்டன்சர ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருக்கதே வெட்டி வேலை, அதே அளவுல 500 வோல்ட் புதுசு போட்டுட்டு பழைய டப்பாவ அழகுக்கு மேல விட்டுரலாம். மெழுகு பூசுன பேப்பர் கண்டன்சர் கப்ளிங்ல, அதாவது ஒரு வால்வுலேர்ந்து அடுத்த வால்வுக்கு சத்தத்தக் கடத்துற எடத்துல, இருந்தா அதையும் தூக்கிருங்க, அது லீக்காகுனா அவுட்புட் வால்வு கிரிட்டுல பிளஸ் வோல்டேஜ் வந்து ரெக்டிஃபையர் எதுவா இருந்தாலும் பிளேட்டு செவந்துரும்.

சரி, எல்லாம் பாத்தாச்சு, டயோடுதான் போடப் போறேங்குறீங்களா, அப்ப இப்படிப் போடுங்க. 1என்4007 ஒண்ணு ரெண்டு ரூபா, 1000 வோல்ட் தாங்கும்னு போட்டிருக்கும். 1000 வோல்ட்டுன்னு பாத்ததும் நம்ம செட்டுல 300தானேன்னு நெனைக்கக் கூடாது. சென்டர் டாப், அதாவது நடு முனை உள்ள டிரான்ஸ்ஃபார்மர்ல ஒரு டயோடு கடத்தாம நிக்கிறப்ப அது மேல விழுறது 424ல ரெண்டு பங்கு, 848 வோல்ட். லைன்ல 250 வந்தா 920. அதுக்கு மேல ஃபேன் சுவிட்சு, மோட்டாரு போட்டு நிறுத்துறப்ப வர்ற ஸ்பைக்கு வேற. 1000க்கும் 920க்கும் நடுவுல என்ன மிச்சம் இருக்கு. அதுனால ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெண்டு டயோடு சீரிஸா, ஒண்ணு பின்னாடி ஒண்ணா, மொத்தம் நாலு. நாலுமே ஒரே கம்பெனி ஒரே ஸ்ட்ரிப்புலேர்ந்து வெட்டுனதா இருக்கட்டும். முந்தி நாங்க டிவி வேலை பாக்குறப்ப பி.ஒய்.127 போடுவோம், அது 1250 வோல்ட், இப்ப நல்லதாக் கெடச்சாலும் நாலு 4007ஏ மேல்.

ஆக்டல்ங்குற எட்டுக் கால் சாக்கெட்டா இருந்தா, அதாவது 5யூ4, 5ஒய்3, ஜி.இசட்.34 எதுவா இருந்தாலும், 4ம் 6ம் கால் பிளேட்டு, 8லதான் ஹெச்.டி. வெளிய வரும். ஒவ்வொரு சோடி டயோடும் 4லேர்ந்து 8க்கு, 6லேர்ந்து 8க்கு, கோடு போட்ட பக்கம் 8ஐப் பாத்து இருக்கணும். ஈ.இசட்.81ன்னா 1ம் 7ம் பிளேட்டு, 3 கேதோடு. சேசிஸ்ல, அதாவது செட்டோட அடித் தகட்டுல இருக்க ஒயர எதையும் வெட்டாதீங்க. செத்துப் போன ஆக்டல் வால்வு ஒண்ண துணியில சுத்தி கண்ணாடிய ஒடச்சு எடுத்துட்டு, அந்த பேஸுக்குள்ள டயோட வச்சு சோல்டர் பண்ணி மூடுனா சொருகிக் கழட்டுற பிளக்கா ஆயிரும். நாளைக்கு யாராச்சும் அசல் வால்வு போடணும்னா கழட்டிட்டுப் போட்டுக்கலாம். அந்தப் பிளக்கு மேலயும் சேசிஸ்லயும் ஒரு சீட்டு ஒட்டி டயோடுன்னு தமிழ்ல எழுதி வைங்க, அடுத்து வர்ற மெக்கானிக்கு உங்களக் கும்புடுவான். இன்னொண்ணு, ரெக்டிஃபையர் வால்வு ஹீட்டருக்குன்னு இருந்த 5 வோல்ட் வைண்டிங் சும்மா கெடக்கேன்னு அதுல பல்பு கில்பு மாட்டிராதீங்க, அதோட ஒரு முனை 8லதான் இருக்கு, முழு ஹெச்.டி.யும் அதுல நிக்கும்.

ஏறுன வோல்டேஜ எறக்குறதுக்கு, டயோடு எல்லாம் சேர்ற எடத்துக்கும் மொத கண்டன்சருக்கும் நடுவுல ஒரு வயர்வுண்டு ரெசிஸ்டர். 100, 150 ஓம்ல ஆரம்பிச்சு, எல்லா வால்வும் சூடானப்பறம் மீட்டர்ல பாத்து, வால்வு ரெக்டிஃபையரோட இருந்த பழைய வோல்டேஜ் வர்ற வரைக்கும் மாத்திப் பாக்கணும். 60 வோல்ட் எறக்கணும், 100 மில்லி ஆம்பியர் ஓடுது, அப்ப 600 ஓம்னு பேப்பர்ல கணக்குப் போட்டு வந்து நிப்பாக சில பேரு, அந்த எடத்துல அது செல்லாது. கண்டன்சருக்குப் போற கரண்டு சீரா ஓடாது, ஒவ்வொரு அலையோட உச்சியிலயும் குபுக்கு குபுக்குனு அள்ளிக் குடுக்கும், உச்சியில கரண்ட் பல மடங்கு, அதுனால கம்மி ஓம்லயே நெறைய எறங்கிரும். அதே காரணத்துனால சூடும் கணக்குல வர்றதுக்கு மேல வரும், 10 வாட்டுக்குக் கொறஞ்சு போடாதீங்க, ஒயருக்கும் கண்டன்சருக்கும் தள்ளி வைங்க. ரேடியோ உள்ள செட்டா இருந்தா ஒவ்வொரு டயோடு குறுக்கயும் 0.01 மைக்ரோ ஃபாரட், 1000 வோல்ட்டுக்கு மேல தாங்குற டிஸ்க் கண்டன்சர் ஒண்ணு போடணும், இல்லாட்டி டயோடு அடைக்கிறப்ப வர்ற இரைச்சல் மீடியம் வேவுல ஸ்டேசனோட சேந்து கர்ருன்னு வரும், பில்டர் கண்டன்சர் போச்சுன்னு நெனச்சு அத மாத்திக்கிட்டு இருப்பீக.

டிரான்ஸ்ஃபார்மர் சென்டர் டாப்லேர்ந்து சேசிஸுக்குப் போற ஒயர்ல ஒரு 250 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ். கண்டன்சரோ ஹெச்.டி. லைனோ ஷார்ட் ஆனா கரண்டு அந்த வழியாத்தான் வரணும். டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சா அதே அளவுல சுத்திக் குடுக்க இப்ப ஆளுத் தேடி மதுரைக்கு அலையணும். அப்பறம் மொத கண்டன்சர் குறுக்க 220 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு. இது ஏன்னா, டயோடு போட்ட செட்ட சுவிட்சு போட்டு வால்வு சூடாகுறதுக்குள்ள நிறுத்திட்டா அந்த 424 வோல்ட்ட வடிக்க யாருமே இல்ல, பிளக்க உருவி வச்சுட்டு ரொம்ப நேரம் கழிச்சுக் கைய விட்டாலும் அடிக்கும். ஸ்க்ரூ டிரைவர வச்சு படார்னு ஷார்ட் பண்ணி வடிக்கிற பழக்கத்த விட்டுருங்க, ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்ல முதலை கிளிப் மாட்டி வச்சுக்கங்க.

சத்தம் மாறுமான்னு கேட்டா, செட்டப் பொறுத்தது. ஒத்த அவுட்புட் வால்வு வச்ச செட்டு கிளாஸ் ஏ, பாட்டு சத்தமா இருந்தாலும் மெதுவா இருந்தாலும் இழுக்குற கரண்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அப்ப ரெக்டிஃபையர் முழுங்குறதும் ஒரே அளவு. ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜ சமமா ஆக்கிட்டு, கண்ணக் கட்டி உக்கார வச்சு எது வால்வு எது டயோடுன்னு கேட்டா என் காதுக்குத் தெரியாது, தெரியுதுன்னு சொல்றவுக காதையும் நான் நம்ப மாட்டேன். மைக் செட்டுக்காரவுக வச்சிருந்த பெரிய புஷ் புல் (ரெண்டு அவுட்புட் வால்வு மாறி மாறித் தள்ளுற) ஆம்ப்ளிஃபையர் கத வேற. அதுல சத்தம் எகிறுறப்ப கரண்டும் எகிறும், 5யூ4 கூட முழுங்கும், வோல்டேஜ் ஒரு நொடி பம்மும், சத்தம் கொஞ்சம் அமுங்கி மெத்துனு வரும். கிட்டார்காரவுக இதத்தான் விரும்பித் தேடுறாக. நமக்கு கொப்புடையம்மன் கோயில் திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர் கட்டி தவில் அடி தெருக்கோடி வரைக்கும் சுளீர்னு போய் விழணும், அங்க பம்முனா பிரயோசனம் இல்ல, டயோடு போட்ட ஆம்ப்ளிஃபையர்தான் நல்லா அடிக்கும். வீட்டுல சாயந்தரம் நாகஸ்வரம் கேக்குற அளவுக்கு வச்சா ரெண்டும் ஒண்ணுதான்.

ஹம், அதாவது ம்ம்ம்னு ஒரு இரைச்சல், அடிக்குதுன்னு மொத கண்டன்சர 100, 220 மைக்ரோ ஃபாரட்டுன்னு ஏத்திக்கிட்டே போறதும் ஒரு வியாதி. வால்வு ரெக்டிஃபையருக்கு அதுல எல்லை உண்டு, ஈ.இசட்.81க்கு 50, ஜி.இசட்.34க்கு 60 மைக்ரோ ஃபாரட், அதுக்கு மேல போட்டா வால்வு உள்ள பொறி பறக்கும்.

என்னையக் கேட்டா வீட்டு செட்டுக்கு நான் சொல்றது இது ரெண்டும் இல்லாத மூணாவது வழி. நல்ல ரெக்டிஃபையர் வால்வு இருந்தா அது அப்படியே இருக்கட்டும், டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து 4க்கும் 6க்கும் போற ஒயர்ல மட்டும் ஆளுக்கொரு 1என்4007, கோடு போட்ட பக்கம் வால்வப் பாத்து. வோல்டேஜ் ஒரு வோல்ட் கூட மாறாது, நிதானமும் போகாது, சத்தமும் அப்படியே. வால்வு எப்பயாச்சும் உள்ள ஷார்ட் ஆனா ஏசி போயி கண்டன்சர் மேல ஏறாம இந்த டயோடு மறிச்சுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் பொழச்சுக்கும். இப்ப வர்ற புது ஜி.இசட்.34 எல்லாம் பழைய சரக்கு மாதிரி உழைக்கிறது இல்ல, அதுனால இது கட்டாயம்னே சொல்லுவேன். 5யூ4 ஹீட்டருக்கு மட்டும் 5 வோல்ட் 3 ஆம்பியர், 15 வாட் போகுது, டயோடு போட்டா பழைய டிரான்ஸ்ஃபார்மர் அந்த அளவுக்கு கொதிக்காதுங்குறது உண்மைதான், டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கனவே கைய வைக்க முடியாத சூடா இருக்க செட்டுக்கு மட்டும் நான் முழு டயோடுக்குப் போவேன்.

கட்டுரையில விட்டதுலயே ரொம்ப ஆபத்தானது ஒண்ணு இருக்கு. சின்ன மேசை ரேடியோவுல டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, எல்லா வால்வு ஹீட்டரும் வரிசையா கோத்து நேரா கரண்ட்ல இருக்கும், ரெக்டிஃபையர் யூ.ஒய்.85ன்னு போட்டிருக்கும். அதப் புடுங்குனா வரிசையே அறுந்து ஒரு வால்வும் எரியாது. எரியலையேன்னு ஹீட்டர் ரெண்டு காலையும் ஒயர வச்சு சேத்துருவாக. யூ.ஒய்.85 ஹீட்டர் 38 வோல்ட், அத மத்த நாலு வால்வும் பங்கு போட்டுக்கும், எல்லாம் கண்ணக் கூசுற வெளிச்சமா எரிஞ்சு சீக்கிரம் போகும். 38 வோல்ட்ட 100 மில்லி ஆம்பியரால வகுத்தா 380 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் அந்த எடத்துல வந்தே ஆகணும். அதுலயும் டயோடோட சேத்து ஒரு 100 ஓம் வயர்வுண்டு வேணும். இந்த ரகத்துல சேசிஸ் தகடே லைனோட சேந்து நிக்கும், பிளக்கு திரும்பி மாட்டுனா தகடு பூரா ஃபேஸ், பின் பலகை இல்லாம, குமிழ் கழண்டு போன ஸ்க்ரூவ கையால திருகுனா நேரா ஒடம்புல வாங்கும். புள்ளைக கைக்கு எட்டுற எடத்துல இந்த செட்ட வைக்கவே கூடாது.

அதுனால ஆசிரியர் ஐயா, நீங்க அடுத்த ஞாயித்துக்கெழமை அதே பக்கத்துல கட்டம் கட்டி ஒரு சின்ன திருத்தம் போடணும். டயோடு போடுறதுக்கு முன்னாடி வோல்டேஜ அளந்து எழுதி வச்சுக்கணும், போட்டப்பறம் அதே வோல்டேஜ் வர்ற வரைக்கும் ரெசிஸ்டர் போடணும், பூட்டிக் கெடந்த செட்ட நேரா பிளக்குல சொருகக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்ட தெரியாதவுக தொறக்கவே கூடாது. இந்த நாலு வரி போதும். லெட்டர முழுசாப் போட எடம் இல்லாட்டி இந்தப் பத்திய மட்டும் போட்டுக்கங்க, எனக்கு வருத்தம் இல்ல.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர், ரேடியோ மெக்கானிக்,
காரைக்குடி.

பி.கு: சில செட்டுல ரெக்டிஃபையர் வால்வும் இல்லாம, டயோடும் இல்லாம, தகடு தகடா அடுக்குன செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும். அது எரிஞ்சா அழுகுன முள்ளங்கி நாத்தம் வரும், அந்தப் புகை நல்லதில்ல, ஜன்னலத் தொறந்துட்டு வெளிய வந்துருங்க. அத எடுத்துட்டு டயோடு போட்டாலும் வோல்டேஜ் ஏறும், மேல சொன்ன ரெசிஸ்டர் கணக்கு அதுக்கும் உண்டு.